'பாசிட்டிவ்' என்றால் நல்லதா, கெட்டதா?

"பாசிட்டிவ்னு ரெண்டு தடவை போட்டிருக்கே டாக்டர், முத்திப்போச்சா?"

மார்பகக் கட்டியின் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டியபடி அந்த அம்மா கேட்டார். லேபில் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போடுகிற எனக்கு இது பழகிய கேள்வி. புற்றுநோய் என்பது அவருக்கு முன்பே தெரியும். இந்தத் தாள் சொன்னது வேறு. கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், அதாவது அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன. அவை இருந்தால்தான் டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் பலன் தரும். அவரைப் பயமுறுத்திய சொல்லால் அவருக்கு ஒரு மருந்து கூடுதலாகக் கிடைத்திருந்தது.

பேச்சில் 'பாசிட்டிவா யோசி' என்கிறோம். லேபில் அந்தச் சொல்லுக்கு நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது. 'தேடியது இருக்கிறது', அவ்வளவுதான். நெகட்டிவ் என்றால் 'தேடியது தென்படவில்லை'. அறவே இல்லை என்று பொருளல்ல. எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆன்டிபாடி உருவாகியிருக்காது; அப்போது எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றே வரலாம்.

'நெகட்டிவ் பிளட்டுக்கு மாத்திரை உண்டா' என்று கேட்பவர்களும் உண்டு. சிவப்பணுக்களின் மேல் ஆர்எச்-டி என்ற புரதம் இல்லை என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ரத்தம் ஏற்றும்போதும், பெண் கருவுற்றிருக்கும்போதும் கவனம் தேவை. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், அதன் ரத்தத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி தாயின் உடலில் உருவாகி அடுத்த கருவைத் தாக்கலாம். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், பொய்யான பாசிட்டிவ். 1,000 பேரில் ஒருவருக்கு வருகிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். நோயில்லாத 100 பேரில் ஒருவரைத்தான் தவறாகக் காட்டும். 1,000 பேருக்கும் எடுத்துப் பாருங்கள். நோயில்லாத 999 பேரில் ஏறத்தாழ 10 பேருக்குப் பாசிட்டிவ் வரும். உண்மையான நோயாளியையும் சேர்த்தால் 11. அந்த 11 பேரில் 10 பேருக்கு நோயே இல்லை! நான் படிக்கும்போது இந்தக் கணக்கை நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஸ்கிரீனிங் என்ற முதல்கட்டச் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களை வேறொரு டெஸ்ட்டுக்கு மறுபடி வரச் சொல்வது இதனால்தான். அதை லேப் வருமானத்துக்கென்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். கட்டியை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதத்தைத் தேடிய வரி அது. "எச்இஆர்2 நெகட்டிவ்னு இருக்கே, அப்ப இது கெட்டதா?"

"இல்லம்மா. அங்க தேடினது வேற."