செடேஷன்: மயக்கமா, தணிப்பா, அமர்த்தலா?

இரைப்பையையோ பெருங்குடலையோ குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு முன் போடும் ஊசியை ‘மயக்க ஊசி’ என்கிறோம். மருத்துவர் அதையே ‘செடேஷன்’ என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ‘மயக்கம் கொடுத்தும் எனக்கு முழிப்பு இருந்ததே’ என்ற மனக்குறை பெரும்பாலும் இந்தச் சொல் குழப்பத்தில் பிறப்பதுதான்.

லத்தீனில் ‘செடாரே’ என்றால் அடங்கச் செய், அமைதிப்படுத்து. அதன் உறவுச்சொல் ‘செடேரே’, பொருள், உட்கார். ஆக, செடாரே என்பது ‘உட்கார வை’. அடியில் படியும் வண்டலைச் சொல்லும் ‘செடிமென்ட்’டும் இதே குடும்பம். தமிழில் ‘அமர்’ இதே வழியில்தான் போகிறது. ஆள் அமர்ந்தால் உட்கார்ந்தான், காற்று அமர்ந்தால் அடங்கியது, விளக்கை அமர்த்தினால் அணைத்தாயிற்று. (அமர் என்றால் போர் என்றும் ஒரு பொருள் உண்டு; அதை இங்கே விட்டுவிடலாம்.)

‘மயக்கம்’ ஏன் பொருந்தாது? மயங்கு என்றால் கலத்தல், குழம்புதல். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் சேர்ந்து வருவது. பேச்சு வழக்கில் அது நினைவிழப்பாகிவிட்டது. அது அனஸ்தீசியாவுக்கு நெருக்கம். கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருள் ‘உணர்வின்மை’. ‘தணிப்பு’ அழகான சொல்தான், ஆனால் தணிப்பு என்றதும் வலி தணிவதும் நினைவுக்கு வரும். செடேஷன் மருந்துகளில் பல வலியைத் தொடுவதே இல்லை. அதனால் ‘அமர்த்தல்’ என்பதே சரியாக உட்காருகிறது. மருந்தை ‘அமர்த்தி’ எனலாம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி, அளவு சொல்ல இடம் தருகிறது. இலேசான அமர்த்தலில் ஆள் சாதாரணமாகப் பேசுவார். மிதமான அமர்த்தலில் பெயர் சொல்லி அழைத்தாலோ மெல்லத் தட்டினாலோ பொருளோடு பதில் தருவார்; மூச்சு தானாக ஓடும். ஆழ்ந்த அமர்த்தலில் திரும்பத் திரும்ப அழைத்தாலோ வலி தந்தாலோதான் அசைவார். மூச்சுக்குத் துணை தேவைப்படலாம். அதற்கும் கீழே உள்ளதுதான் முழு மயக்கம். இவை படிகள் அல்ல, ஒரே சரிவு. மிதத்தில் நிறுத்த நினைத்தவர் ஆழத்துக்குச் சறுக்கிவிடலாம். அறையில் இருப்பவருக்கு அங்கிருந்து மீட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துத் தேர்வும் இந்தச் சரிவைப் பொறுத்ததே. மேல்வழி எண்டோஸ்கோப்பி சில நிமிடங்களில் முடியும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினைத் தெளித்தாலே பலருக்குப் போதும். பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் குழாய் சுருண்டு குடலை இழுக்கும்போது வலிக்கும். ஆகவே மிடாசோலம் என்ற அமர்த்தியோடு வலிநீக்கியான ஃபென்டனைல் சேர்ப்பது வழக்கம்.

மிடாசோலம் 60 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கு முதலில் 1 முதல் 2 மி.கி., குறைந்தது 2 நிமிடம் எடுத்து மெதுவாக. பலன் முழுதாகத் தெரிய 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து அடுத்த ஊசி போடுவதே மிகப் பொதுவான பிழை. இரண்டும் ஒன்றாக ஏறி மூச்சை அமுக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அளவு இன்னும் குறைவு. ஃபென்டனைல் முதலில் 50 முதல் 100 மைக்ரோகிராம். இரண்டும் சேரும்போது மூச்சை அடக்கும் விளைவு கூட்டலாக அல்ல, பெருக்கலாக வரும். எனவே மிடாசோலத்தைக் குறைத்தே தர வேண்டும்.

பித்தநாளத்தைப் பார்க்கும் ஈஆர்சிபி போன்ற நீண்ட வேலைகளுக்குப் புரோபோஃபால் வசதி. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த வெள்ளைப் பால்மம் அது. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், சில நிமிடங்களில் தெளியும். நரம்பில் ஏறும்போது எரியும், இரத்த அழுத்தத்தை இறக்கும், வலியை நீக்காது. முக்கியமாக, முறிமருந்து கிடையாது. கையால் அமுக்கும் காற்றுப்பையையும் முகமூடியையும் வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்தவர், குழாய் விடுபவரல்லாத ஒருவர், அதற்கென்றே நிற்க வேண்டும். விரைவு கேட்பவர்கள் இந்த விலையை மறந்துவிடுகிறார்கள்.

2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெமிமாசோலம், மிடாசோலத்துக்கும் புரோபோஃபாலுக்கும் இடைவழி. திசு நொதிகள் விரைவாகச் சிதைப்பதால் சீக்கிரம் தெளிகிறது; மிடாசோலத்தின் முறிமருந்தான ஃப்ளூமசெனில் இதையும் முறிக்கும். ஆனால் மிடாசோலத்தை விட ஃப்ளூமசெனில் சீக்கிரம் கரைந்துபோகும். அரை மணி கழித்து நோயாளி மறுபடி சரியலாம். எழுந்தாரே என்று உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஃபென்டனைலுக்கு முறிமருந்து நலாக்சோன். அதற்கும் இதே எச்சரிக்கை.

கண்காணிப்பில் ஒரு மயக்கம் (இங்கே பழைய பொருளில்): விரலில் மாட்டிய கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 99 என்று காட்டினால் மூச்சு சரி என்று நினைப்பது. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்ற பிறகும் அந்த எண் சற்று நேரம் அப்படியே நிற்கும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

எழுந்து பேசுகிறவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவார். மிடாசோலம் அந்த நேரத்து நினைவைப் பதியவிடாது. முடிவையும் அறிவுரையையும் உடன் வந்தவரிடம் சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதும் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் வேண்டாம்.