இக்டிடாஃப் நல்லதா, கெட்டதா?

"விளம்பரம் வந்தாலே சேனலை மாற்றிவிடுவேன். அவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பியதில்லை. ஆனாலும் கடையில் போய் நின்றால் வாயில் அந்தப் பெயர்தான் வருகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நம்பினால்தான் விளம்பரம் பலிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் பட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது.

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸயன்ஸ் என்று ஒரு உளவியலாளர் இருந்தார். போலந்தில் பிறந்தவர். (ஆங்கில எழுத்தில் பார்த்தால் அந்தப் பெயரை எப்படிப் படிப்பதென்றே தெரியாது. 'சயன்ஸ்' என்று சொன்னால் ஏறக்குறைய சரி. பொருத்தமான பெயர்தான்.) சீன எழுத்து மாதிரி கிறுக்கல்கள், அர்த்தமில்லாத வார்த்தைகள், முன்பின் தெரியாத முகங்கள் என்று பலதையும் அவர் மாணவர்களுக்குக் காட்டினார், சிலதை ஒரே முறை, சிலதை 25 முறை. அதிகம் பார்த்தவை மாணவர்களுக்குப் பிடித்துப்போயின. 1968இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு வெளியான பரிசோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிச்சிகனில் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர் பத்திரிகைகளில் தினமும் ஒரு கட்டம் வர ஆரம்பித்தது. உள்ளே ஒரே ஒரு வார்த்தை. இக்டிடாஃப். அல்லது நான்சோமா. அல்லது சரிசிக். விலை இல்லை, படம் இல்லை, யார் கொடுத்த விளம்பரம் என்றும் இல்லை. விசாரித்தவர்களுக்கு, கொடுத்தவர் பெயர் சொல்ல விரும்பவில்லை என்பதே பதில். சில வார்த்தைகள் ஒருமுறைதான் வந்தன, சில 25 முறை. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒரு பத்திரிகையில் 25 முறை வந்த வார்த்தை மற்றதில் ஒரே முறை வந்தது. 'அந்த வார்த்தையின் ஓசையே இனிமையாக இருந்திருக்கும்' என்று யாரும் மடக்க முடியாது.

பிறகு வாசகர்களிடம் கேட்டார்கள்: இந்த வார்த்தை நல்லதைக் குறிக்கிறதா, கெட்டதைக் குறிக்கிறதா? இரண்டு ஊரிலும், தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வந்த வார்த்தைதான் நல்ல வார்த்தை என்றார்கள். விற்பதற்குச் சரக்கே இல்லாத விளம்பரம்!

சரி, மூளைக்குள் என்னதான் நடக்கிறது? புதுச் சந்து ஒன்றில் முதல்முறை நுழைகிறீர்கள். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எங்கே பள்ளம் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் போக வேண்டும். பத்தாவது முறை கால் தானாகப் போகும். கண்ணில் படும் பெயரும் அப்படித்தான். முன்பே பார்த்ததை மூளை சீக்கிரமாக, அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடுகிறது. அந்த எளிமை லேசான ஒரு சுகமாகத் தெரிகிறது. ஆனால் சுகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூளை ரசீது வைத்துக்கொள்வதில்லை. எதிரே இருக்கும் சோப்பின் கணக்கில் எழுதிவிடுகிறது. 'என்னவோ, இது நல்ல சோப்புதான்.'

பார்த்ததே நினைவில்லாவிட்டால்? 1980இல் ஸயன்ஸும் சக ஆய்வாளர் குன்ஸ்ட் வில்சனும் அதையும் சோதித்தார்கள். கோணல்மாணலான எண்கோணங்களை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னவிட்டார்கள். அப்புறம் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக ஜோடி ஜோடியாகக் காட்டி, எதை முன்பு பார்த்தீர்கள் என்றால், பதில் பூவா தலையா கதைதான். எது பிடித்திருக்கிறது என்றால் மட்டும், சுமார் 60 சதவீதம் பழையதையே காட்டினார்கள். ரிமோட்டைத் தேடி எடுத்துச் சேனலை மாற்ற நம் வாசகருக்கு எப்படியும் இரண்டு நொடி ஆகும். தாராளமாகப் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. முதல் பார்வையிலேயே பிடிக்காமல் போனதைத் திரும்பத் திரும்பக் காட்டினால் எரிச்சல்தான் கூடும். அளவுக்கு மீறினாலும் சலிப்புத் தட்டும். அதனால்தான் பெயரும் மெட்டும் மாறாமல், படத்தை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பிடிக்க வைப்பது மட்டுமல்ல, உண்மை என்று தோன்ற வைக்கும் சக்தியும் உண்டு. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வார இடைவெளிகளில் மூன்று முறை கேட்ட வாக்கியங்கள், பொய்யானவை உட்பட, மேலும் மேலும் உண்மையாகத் தோன்றின. அட்சய திருதியையை நினைத்துக்கொள்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அந்த நாளுக்காக யாரும் நகைக்கடை வாசலில் நின்றதில்லை. இன்று முழுப்பக்க விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்காவிட்டால் குறை என்று படித்தவர்களே பதறுகிறார்கள். நம் மூடநம்பிக்கை எல்லாமே பாட்டி காலத்துச் சொத்து என்று நினைக்க வேண்டாம். சில நம் கண்ணெதிரே ஊற்றி வார்க்கப்பட்டவை. இது எப்படி நடந்தது என்று ஆராய நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்கலாம். கம்பெனிகள் சொந்தச் செலவில் ஆராய்ந்து வைத்திருப்பதை நமக்குச் சொல்லவா போகிறார்கள்?

இதையெல்லாம் எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் அளந்துகொண்டிருந்தேன். "எங்கிட்ட அதெல்லாம் நடக்காது தம்பி. சரக்கு எது எப்படின்னு நமக்குத் தெரியாதா?" என்றார்.

"உங்க வீட்ல எந்த சோப்பு அண்ணாச்சி?"

யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். கடையின் பெயர்ப்பலகையை ஒரு கம்பெனிதான் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறது. அண்ணாச்சியின் பெயர் சின்னதாக ஓரத்தில். மீதி முழுக்க அதே சோப்பு.