வெள்ளம் வடிந்ததும் மறைந்துவிடும் குழி

குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9ஆம் தேதி காலையில் முறிந்தது. லாரிகளும் கார்களும் ஆற்றுக்குள் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களுக்கு எனக்கு வந்த போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், எங்க ஊர் ஆத்துப் பாலம் கட்டி அம்பது வருஷம் ஆகுது. அதுல போகலாமா?" பாலங்களைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அதனால் எங்கே பாலம் விழுந்தாலும் சொந்தக்காரர்கள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பயம் நியாயமானது. ஆனால் வயதை மட்டும் வைத்து ஒரு பாலத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் 1843ல் திறக்கப்பட்டது. இடையில் பழுதுபார்த்திருக்கிறார்கள், அகலப்படுத்தியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தையும் தாங்கிக்கொண்டு இன்றும் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் மேல் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டபோது, டிசம்பர் தொடக்கத்திலேயே, அது அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றே மாதம். வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட அளவைப் போல் பல மடங்கு வெள்ளம் வந்துவிட்டது என்று அரசு விளக்கம் சொன்னது. சரி, அந்த அளவை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதுதான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி.

நம் ஊர் ஆற்றுப் பாலங்களில் நான் முதலில் பயப்படுவது மேலே தெரியும் விரிசலுக்கு இல்லை, கீழே தெரியாத மண்ணுக்கு. திருச்சிக்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928ல் கட்டப்பட்டது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் 2016ல் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அப்புறம் அது காலை நடைப்பயிற்சிக்கு நல்ல இடமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளம் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் பாய்ந்தது. பாலத்தில் விரிசல் தெரிந்தது, தூண்கள் சாய்ந்தன, 18, 19ஆம் தூண்கள் ஆற்றோடு போயின. மேலே லாரி இல்லை, பஸ் இல்லை. எண்பது வருடத்துக்கும் மேல் வண்டிகளைச் சுமந்த பாலம், சும்மா நின்றுகொண்டிருந்தபோது விழுந்தது. முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. சில நாள் கழித்து அதே வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பது போயின. அந்த அணை 1836ல் ஆர்தர் காட்டன் கட்டியது.

சுமையே இல்லாத பாலம் எப்படி விழும்? ஓடும் தண்ணீர் தூணில் மோதியதும் அதில் ஒரு பகுதி தூணை ஒட்டிக் கீழ்நோக்கி இறங்கும். அடியில் சுழன்று, தூணின் இரண்டு பக்கமும் மணலைக் கிளறிக்கொண்டு போகும். இதை அடிமண் அரிப்பு என்று எழுதுவோம், சைட்டில் ஸ்கவர் என்றுதான் சொல்வோம். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழியும் ஏறக்குறைய அதன் உச்ச ஆழத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஆற்றில் இறங்கி அளக்க யாராலும் முடியாது. வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் மணல் அதே குழியை நிரப்பிவிடும். ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றி மணல் சமமாகப் பரந்து கிடக்கும். ரிஜிஸ்டரில் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டு வருவார். அவர் பொய் எழுதவில்லை, பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் புதிதாக நிரம்பிய மணலுக்கு இறுக்கம் கிடையாது, அடுத்த வெள்ளத்தில் அதுதான் முதலில் கிளம்பும்.

இது தெரிந்துதான் கணக்குப் போடுகிறோம். 1930ல் ஜெரால்ட் லேசி என்ற பாசனப் பொறியாளர் இந்தியக் கால்வாய்களின் அளவுகளை வைத்து ஒரு சூத்திரம் கொடுத்தார். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதி இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது. வெள்ள மட்டத்திலிருந்து ஆறு சராசரியாக 9 மீட்டர் ஆழத்துக்கு அரிக்கும் என்று வந்தால், தூண் அருகே அதைப் போல இரண்டு மடங்கு, 18 மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 மீட்டர், அடித்தளம் மண்ணுக்குள் இருக்க வேண்டும். அந்த 6 மீட்டர்தான் பிடி. மோசமான வெள்ளத்திலும் தூணைச் சாயவிடாமல் வைத்திருப்பது அதுதான்.

ஆற்றுப் படுகையே மூன்று மீட்டர் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? வெள்ள மட்டம் கூடவே இறங்கும், அரிப்பின் அடிமட்டமும் இறங்கும். அடித்தளம் மட்டும் கட்டிய இடத்திலேயே இருக்கும். 6 மீட்டர் பிடி 3 மீட்டர் ஆகிவிடும். பாலத்தில் ஒரு சிமெண்ட் துண்டுகூடப் பெயர்ந்திருக்காது. பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரிதான் இருக்கும்.

காவிரியிலும் கொள்ளிடத்திலும் பாலாற்றிலும் படுகை ஏன் இறங்குகிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரவில் போகும் மணல் லாரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இன்னொரு காரணமும் உண்டு. 1934லிருந்து மேட்டூர் அணை மேலிருந்து வரும் மணலை நிறுத்தி வைத்துக்கொள்கிறது. மணல் இல்லாமல் வரும் தண்ணீர், தன்னால் சுமக்க முடிந்ததைக் கீழே இருக்கும் படுகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வரவு குறைந்துவிட்டது, செலவு நிற்கவில்லை. அணையை இடிக்க முடியாது. குவாரியை நிறுத்த முடியும்.

போர்ச்சுகலில் தோரு ஆற்றின் மேல் இருந்த ஹின்ட்ஸ் ரிபைரோ பாலத்துக்கு நடந்ததும் இதேதான். 2001 மார்ச் 4ஆம் தேதி இரவு வெள்ளத்தில் ஒரு தூண் விழுந்தது, ஒரு பஸ்ஸும் கார்களும் ஆற்றில் போய் 59 பேர் இறந்தார்கள். பல வருடமாக ஆற்றில் மணல் அள்ளியது தூணின் அடியைப் பலவீனமாக்கியிருந்தது. துறை அமைச்சர் உடனே ராஜினாமா செய்தார். நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்ததுண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குப் பிறகு நடந்த பால விபத்துகளில் பெரும்பாலும் இன்ஜினியர்கள் சஸ்பெண்ட் ஆவதோடு சரி.

பதவி விலகலைவிட எனக்கு உபயோகமாகத் தெரிவது அமெரிக்காவில் 1987ல் நடந்ததற்குப் பின்னால் வந்த விதி. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் ஏப்ரல் வெள்ளத்தில் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். 1950களில் கட்டிய பாலம்தான், ஒழுங்காக ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாம் தண்ணீருக்கு மேலே. அடித்தளத்தைச் சுற்றிக் கொட்டிய கல்லை ஆறு எடுத்துக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடமே, நீருக்கடியில் இருக்கும் பகுதிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சோதித்தாக வேண்டும் என்று அங்கே விதி வந்தது.

நம்மிடமும் ஆய்வு விதிகள் இருக்கின்றன. பருவமழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். பாலங்களையெல்லாம் ஒரே பதிவேட்டில் கொண்டுவர 2016ல் மத்திய அரசு ஒரு திட்டமே தொடங்கியது. நடைமுறையில் ஆய்வு என்பது பல இடங்களில் ஜீப்பை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்ப்பதாக முடிந்துவிடுகிறது. நான் ஒரு பாலத்துக்குப் போனால் முதலில் தேடுவது பழைய வரைபடத்தை. அடித்தளம் எவ்வளவு ஆழம், கட்டும்போது படுகை எந்த மட்டத்தில் இருந்தது என்று அதில்தான் இருக்கும். பல பழைய பாலங்களுக்கு அது கிடைக்காது. அப்புறம் பரிசல்காரர்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் விசாரிப்பேன். எந்தத் தூண் பக்கத்தில் கம்பு எட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவி சொல்லும் ஆழத்தை அவர்கள் சொன்னதோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

கோடையில் தண்ணீர் இல்லாதபோது நீங்களும் பார்க்கலாம். நம் பெரிய ஆற்றுப் பாலங்களில் நிறைய, கிணறு போல வட்டமாக இறக்கிய அடித்தளத்தின் மேல் நிற்பவை. அந்தக் கிணறு பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். தூணுக்குக் கீழே அகலமான வட்டச் சுவர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் வெளியே நின்றால், அது ஈறு இறங்கிய பல். பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. தூணைச் சுற்றிப் போட்ட கல்லும் காங்கிரீட் தளமும் பெயர்ந்து கிடந்தாலும் அப்படித்தான். கொள்ளிடத்தில் பழைய பாலம் போன இடத்துக்குப் பக்கத்திலேயே, புதுப் பாலத்தைக் காக்கப் படுகையில் கட்டிய தடுப்புச் சுவர் 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்து போனது. பாலம் புதுசு என்பதால் ஆறு சலுகை காட்டாது.

எல்லாப் பாலமும் அரிப்பால்தான் விழுகிறது என்று சொல்லவில்லை. கம்பீராவில் போனது தூண் மேல் இருந்த இணைப்புகள். ஒரு கர்டரின் (சாலையைத் தாங்கும் நீள உத்தரம்) நுனி இன்னொன்றின் நுனி மேல் உட்காரும் மாதிரி அந்தக் காலத்தில் நிறையப் பாலங்கள் கட்டினார்கள். அந்த இடைவெளிக்குள் கையும் போகாது, கண்ணும் போகாது. தண்ணீர் மட்டும் போகும். அந்தப் பாலத்தைப் பற்றி 2022லேயே உள்ளூர் மக்கள் பிரதிநிதி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்ததாகச் செய்திகள் வந்தன.

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது "பாலம் ஆடுது" வீடியோக்கள். கனமான லாரி போகும்போது பாலத்தின் நடுவில் நின்றால் காலில் அதிர்வு தெரியும். அதில் தவறில்லை, பாலம் வளைந்து நிமிரத்தான் கட்டப்படுகிறது. அதேபோல் சாலைக்குக் குறுக்கே நேர்கோடாகத் தெரியும் இடைவெளி விரிசல் அல்ல, வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் விட்ட இடம். நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. பாலத்தின் ஒரு முனையில் நின்று கைப்பிடிச் சுவரை ஒற்றைக் கண்ணால் பாருங்கள், நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் தொய்ந்தோ விலகியோ தெரிகிறதா? போன மாதம் இல்லாத ஏற்ற இறக்கம், படிக்கட்டு மாதிரி, இணைப்பில் வந்திருக்கிறதா? அடிப்பக்கத்தில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? பாலம் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் ஓரமாக மண் உள்வாங்கியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது வெள்ள நேரத்தில் சட்டென்று மோசமாகும். அப்போது பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுப்பதற்குப் பதில் வண்டிகளை நிறுத்தி 100க்கு போன் பண்ணுங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் கவனிக்காதது. தேர்தலுக்கு முன் பாலத்தின் மேல் புதுசாகத் தார் போட்டால் ஊரே சந்தோஷப்படும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 5 சென்டிமீட்டர் போட்டால், ஏழரை மீட்டர் அகலப் பாலத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 86 டன் கூடுகிறது. அந்தச் சுமை இரவும் பகலும் இறங்காது. நான்கைந்து தடவை இப்படிப் போட்டு, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட பாலங்களைப் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பு நடந்தால் நாமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1976ல் திறந்த திருச்சி காவிரிப் பாலத்தை பாலம் தூண் மேல் உட்காரும் பேரிங்குகளையும் இணைப்புகளையும் சரிசெய்ய 2022 செப்டம்பரில் மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் ஊரே திட்டியது. என்னைக் கேட்டால் அது சரியான வேலை.

உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டம் போதும். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில். முதலில் பாலம் யாருடையது என்று பாருங்கள்: தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, ஊரக வளர்ச்சித் துறையா, மாநகராட்சியா. தப்பான அலுவலகத்துக்குப் போட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றும். "பாலம் பாதுகாப்பாக உள்ளதா" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். அடித்தளத்தின் ஆழம், கட்டியபோது இருந்த படுகை மட்டம், கடைசியாக அளந்த படுகை மட்டம், அளந்த தேதி, எத்தனை கன அடி வெள்ளத்துக்கு வடிவமைத்தார்கள், கடைசி ஆய்வு அறிக்கையின் நகல். இவ்வளவும் கேளுங்கள். படுகை மட்டத்துக்கான இடத்தில் "பதிவேடு இல்லை" என்று வந்தால், அந்தப் பதிலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், மே மாதத்திலேயே கொடுத்துவிட்டால் அளப்பதற்கும் நேரம் இருக்கும்.