தாப்பாவில் செம்பனை, பிரிஞ்சாங்கில் பாசி

மலேசியாவின் கேமரன் மலைக்கு வண்டி ஏறும்போது, அடிவாரத்தில் இருக்கும் எங்கள் தாப்பா தோட்டத்து ஆட்கள் ஸ்வெட்டரை மடியில்தான் வைத்திருப்பார்கள். வழியில் ரிங்லெட் ஊர் நெருங்கும்போது ஒவ்வொருவராகப் போட்டுக்கொள்வார்கள். மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. தாப்பாவில் 33 என்றால், 1,440 மீட்டர் உயரத் தானா ராத்தாவில் 24தான்.

மரங்களுக்கு ஸ்வெட்டர் இல்லை. அதனால் ஆளே மாறிவிடுகிறது. செம்பனைத் தோட்டம் முடிந்ததும் வருவது மெராந்தி, கெருயிங் போன்ற நெடுமரங்களின் காடு. 1,200 மீட்டருக்கு மேல் அவை பின்தங்கிவிடும். அங்கே ஓக் மரங்களும், நம் அடுப்படிப் பட்டை, பிரிஞ்சி இலையின் சொந்தக்கார மரங்களும். (பிரிஞ்சிக்கும் பிரிஞ்சாங் ஊருக்கும் சம்பந்தமில்லை.) தாழ்நிலக் காட்டையும் மலைக்காட்டையும் இரண்டு தனிச் சூழல் மண்டலங்களாகவே அறிவியல் பிரிக்கிறது.

அதற்கும் மேலே, 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங், ஈராவ் சிகரங்களில் பாசிக்காடு. மரங்கள் கூனிக் குறுகி நிற்கும். தண்டு எது, பாசி எது என்றே தெரியாது. மழை பெய்யாத நாளிலும் அந்தப் பாசியை விரலால் அழுத்தினால் முழங்கை வரை நீர் வழியும். எல்லாம் மேகத்தின் வேலை. ஏறிவரும் ஈரக்காற்று அந்த உயரத்தில் மேகமாகி, நாளின் பெரும்பகுதி காட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. வெயில் குறைவு. உதிர்ந்த இலை குளிரில் சட்டென்று மட்காமல் கரிய, புளிப்பான (அமிலம் மிகுந்த) மண்ணாகத் தேங்கும். அதில் மரம் எடுத்துக்கொள்ள நைட்ரஜன் கொஞ்சம்தான். பிறகு எப்படி நெடுநெடுவென்று வளரும்?

அந்தப் பற்றாக்குறைக்குக் குடுவைச் செடி வேறு வழி பார்த்துக்கொண்டது. மலாயில் அதன் பெயர் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை. விளிம்பில் வழுக்கி விழும் எறும்பைக் கரைத்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். இங்குள்ள ஒரு வகைக்கு மூடியின் அடியில் வெள்ளை முடி இருக்கும். தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கீழே வெப்பம், அது இறங்க முடியாது. சூடு கூடினால் ஏறிப்போக மேலே மலையும் இல்லை.

பாசி பிடித்துவைத்த மேகநீர் சொட்டுச் சொட்டாக மலையோடைகளில் சேர்கிறது. தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே பகாங் பக்கம் போகிறவை. 1963இல் முடிந்த ரிங்லெட் அணைத் திட்டம் அந்த நீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியே மேற்கே திருப்பி, மின்சாரம் எடுத்து, பத்தாங் பாடாங் ஆற்றில் விடுகிறது. தாப்பா பாலத்துக்கு அடியில் ஓடுவது அந்த ஆறுதான்.