மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸும் அம்மா அப்பாவின் மெடிகேரும்

"டாக்டர் கொடுக்க மாட்டாரா, நர்ஸா மயக்க மருந்து கொடுப்பாங்க?"

அமெரிக்காவில் பெற்றோரை அறுவை சிகிச்சைக்குக் கூட்டி வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. நம் ஊரில் மயக்க மருந்து என்றால் அது மருத்துவரின் வேலை. இங்கே மயக்கவியல் மருத்துவர்களும் இருக்கிறார்கள், சி.ஆர்.என்.ஏ. என்று அழைக்கப்படும் என்னைப் போன்ற மயக்கவியல் செவிலியர்களும் இருக்கிறார்கள். கிராமப்புறச் சிறு மருத்துவமனைகள் பலவற்றில் நாங்கள் மட்டும்தான்.

இந்தத் தொழில் புதிதாக முளைத்தது அல்ல. மின்னசோட்டாவின் ரோச்செஸ்டரில் மேயோ சகோதரர்களுடன் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற செவிலியர், மயக்க மருந்தால் ஓர் உயிர்கூடப் போகாமல் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்ததை 1906இலேயே பதிவு செய்திருக்கிறார். இன்று இதற்குள் வர முதலில் பட்டம் பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓர் ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். அப்புறம் மூன்று ஆண்டு அல்லது அதற்கும் மேல் முனைவர் நிலைப் படிப்பு, அதன் முடிவில் தேசியச் சான்றிதழ்த் தேர்வு. 2022 முதல் இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் எல்லோரும் முனைவர் பட்டத்துக்குத்தான் படிக்கிறார்கள். தேர்வில் வென்றாலும் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லாது. தொடர்ந்து படித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர் இதையெல்லாம் முடித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது என்.பி.ஐ. என்ற 10 இலக்க எண். "அரசாங்க எண் இருக்கிறது, போதும்" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த எண் ஓர் அடையாளம் மட்டுமே. அதில் இருக்கும் துறை, முகவரி எல்லாம் விண்ணப்பித்தவர் தந்த விவரங்கள். ஆதார் அட்டை இருப்பதாலேயே ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது அல்லவா? லைசென்ஸ் செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநில நர்சிங் வாரியத்தின் தளத்தில் பார்க்க வேண்டும். மயக்கவியல் சான்றிதழை என்.பி.சி.ஆர்.என்.ஏ. என்ற தேசிய வாரியத்திடம் சரிபார்க்கலாம். மோசடி போன்ற காரணங்களால் அரசு காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலையும் மத்திய சுகாதாரத் துறை பொதுவில் வைத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் தேடிப் பார்க்கலாம்.

மயக்க மருந்து கொடுப்பவர் மெடிகேரில், அதாவது பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டில், சேர்ந்திருப்பது இவற்றிலிருந்து வேறான இன்னொரு பதிவு. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், 1989 முதல் நாங்கள் எங்கள் பெயரிலேயே மெடிகேருக்கு பில் அனுப்ப முடிகிறது. சில தளங்களில் எங்கள் பெயருக்குக் கீழே "மெடிகேர் அசைன்மென்ட் ஏற்பவர்" என்று இருக்கும். மெடிகேர் அனுமதித்த தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பதுதான் அசைன்மென்ட். அதை ஒரு பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர்களில் சிலர் அசைன்மென்ட் ஏற்காமல் இருக்கலாம். மெடிகேருக்கு பில் அனுப்பும் சி.ஆர்.என்.ஏ.வுக்கு அந்தச் சலுகை கிடையாது, சட்டப்படி ஏற்றே ஆக வேண்டும். உங்கள் பையைப் பொறுத்தவரை இதன் பொருள் பெரியது: மெடிகேர் அனுமதித்த தொகைக்கு மேல் ஒரு டாலர்கூட உங்களிடம் கேட்கக் கூடாது. மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான மெடிகேர் பிரிவான பார்ட் பி-யில், மெடிகேர் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் ஆண்டுக் கழிவுத்தொகை (2025இல் 257 டாலர்), அதற்குப் பிறகு 20 சதவீதம், அவ்வளவுதான் உங்கள் பங்கு. மெடிகேப் என்ற துணைக் காப்பீடு வைத்திருந்தால் அந்த 20 சதவீதத்தையும் பெரும்பாலும் அதுவே கட்டிவிடும்.

தொகை எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்துக் கட்டணத்தை அலகுகளாக எண்ணுவார்கள். முழங்கால் மாற்று அறுவைக்கு அடிப்படை அலகு 7. ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் அலகு சேரும். ஒன்றரை மணி நேரம் என்றால் 6, ஆக மொத்தம் 13. ஓர் அலகுக்கு ஏறக்குறைய 20 டாலர், இது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கணக்குப் போட்டால் 260 டாலர், கழிவுத்தொகையை ஏற்கெனவே கட்டியிருந்தால் அதில் உங்கள் பங்கு 52. பில்லில் 2,000 டாலர் என்று அச்சாகியிருந்தாலும் மெடிகேர் நோயாளியைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஒரே அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து என்று இரண்டு வரிகள் வந்திருப்பதைப் பார்த்து "டபுள் சார்ஜ் பண்ணிட்டாங்க" என்று கொதித்துப்போய் வருகிறவர்களும் உண்டு. கோபப்படும் முன் பெயர்களைப் பாருங்கள். ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு அறைகள் வரை வழிநடத்தலாம், ஒவ்வோர் அறையிலும் ஒரு சி.ஆர்.என்.ஏ. கடைசிவரை நோயாளியுடன் இருப்பார். அப்போது அனுமதித்த தொகை இருவருக்கும் பாதிப் பாதி. மேலே சொன்ன 52 டாலர், 26 ஆகவும் 26 ஆகவும் வரும். வழிநடத்தும் மருத்துவர் இல்லாமல் சி.ஆர்.என்.ஏ. தனியாகச் செய்தால் முழுத் தொகையும் ஒரே வரியில் இருக்கும். நோயாளி கட்டுவது இரண்டிலும் ஒன்றுதான். மெடிகேர் விதிப்படி அப்படித் தனியாகச் செய்பவருக்கும் அறுவை மருத்துவரோ மயக்கவியல் மருத்துவரோ மேற்பார்வை தர வேண்டும். 2001இல் வந்த விதியைப் பயன்படுத்தி அந்த நிபந்தனையிலிருந்து விலகிக்கொண்ட மாநிலங்கள் 20க்கும் மேல், அயோவா அதில் முதலாவது. உங்கள் மாநிலம் எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாதவர்கள், 65 வயதும் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசிப்பும் ஆன பிறகு பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களின் பயணக் காப்பீடு வேறு சங்கதி. மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் அதற்குப் பொருந்தாது.

தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 20 சதவீதத்துக்குப் பதில் அந்தத் திட்டம் வைத்த கோபே, அதாவது நோயாளி கட்டும் பங்கு, இருக்கும். அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முந்தைய நாட்களில் மருத்துவமனையிலிருந்து விசாரிக்க ஒரு போன் வரும். யார் மயக்க மருந்து கொடுப்பார், அவரை வழிநடத்த யாராவது இருப்பார்களா, இருவரும் மெடிகேரில் பதிவானவர்களா என்று அதிலேயே கேட்கலாம். தப்பாக யாரும் நினைக்க மாட்டார்கள். எனக்கு இப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும்.

அனுமதித்த தொகைக்கு மேல் பில் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள். மெடிகேர் அனுப்பும் சுருக்க அறிக்கையில் "உங்களிடம் அதிகபட்சம் கேட்கக்கூடியது" (Maximum You May Be Billed) என்ற கட்டத்தைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பில்லிங் அலுவலகத்தைக் கூப்பிட்டு, சி.ஆர்.என்.ஏ. சேவைக்கு அசைன்மென்ட் கட்டாயம் என்று சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1-800-633-4227 மெடிகேரின் எண். அம்மாவே பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.