ஊர்க் கடையின் இணையதளமும் அரிய சொல்லின் எடையும்

குழித்துறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேனீப் பெட்டி வைத்திருக்கிறார், மார்த்தாண்டத்தில் சின்னதாகத் தேன் கடையும் நடத்துகிறார். "பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆட்கள்கூட நேரில் வந்து வாங்குறாங்க. ஆனா இணையதளம் போட்டு ஒரு வருஷமாச்சு, அது வழியா ஒருத்தரும் வரலை. கூகுள்ல தேடினாலும் நம்ம கடை வர மாட்டேங்குது. ஏன்?" என்று கேட்கிறார்.

அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் சிறந்த, தரமான, சுத்தமான, இயற்கையான, நம்பகமான என்று வரிசையாகச் சொற்கள். அவருடைய கேள்விக்கான பதிலில் பாதி அந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

கூகுளில் நாம் ஒரு சொல்லைத் தட்டும்போது அது இணையம் முழுவதையும் அந்த நொடியில் துழாவுவதில்லை. ஊர்ந்து செல்லும் மென்பொருள்கள் முன்கூட்டியே பக்கங்களைப் படித்துவிடுகின்றன. அதை வைத்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் தயாராகிறது. தேடும்போது புரட்டப்படுவது அந்தப் பட்டியல்தான். இதுவரை எளிது. பட்டியலில் லட்சக்கணக்கான பக்கங்கள் இருந்தால் எதை முதலில் காட்டுவது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு அடிப்படையான ஒரு விடையை கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1972-ல் ஒரு கட்டுரையில் தந்தார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுக்காதே, குறைவான பக்கங்களில் வரும் சொல்லுக்கு எடையைக் கூட்டு என்றார் அவர். மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையை அந்தச் சொல் வரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஈவுக்கு மடக்கை (லாகரிதம்) எடுத்தால் அதுதான் எடை.

மொத்தம் 10 லட்சம் பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். 'தரமான' என்ற சொல் 5 லட்சம் பக்கங்களில் இருந்தால் ஈவு 2. இரண்டை அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் எடை 1. 'சிறுதேன்' (கொட்டாத சிறு தேனீ தரும் தேன்) என்ற சொல் 1,000 பக்கங்களில் மட்டும் இருந்தால் ஈவு 1,000, எடை ஏறக்குறைய 10. எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல்லுக்கு எடை பூஜ்யம்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யோசித்தால்தான் அதன் அழகு தெரியும். ஒரு சொல், பக்கக் குவியலை எத்தனை முறை பாதியாக்குகிறது என்பதுதான் அதன் எடை. 'தரமான' ஒரே ஒரு முறை பாதியாக்கி நின்றுவிடுகிறது. 'சிறுதேன்' பத்து முறை பாதியாக்குகிறது. 'மார்த்தாண்டம்' என்ற சொல்லும் 1,000 பக்கங்களில்தான் வருகிறது என்றால் அதுவும் பத்து முறை. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் வருவதாகக் கொண்டால், சேர்த்து இருபது முறை பாதியாகும். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. அதாவது இந்த இரண்டே சொற்கள் 10 லட்சம் பக்கங்களை ஒரே ஒரு பக்கம் வரைக்கும் சுருக்கிவிடும்!

சரி, அப்படியென்றால் 'சிறுதேன்' என்று நூறு முறை எழுதிவிடலாமா? அதற்கும் கடிவாளம் உண்டு. பக்கங்களை வரிசைப்படுத்தப் பின்னால் வந்த பிஎம்25 என்ற சூத்திரத்தில், வழக்கமாக வைக்கும் அளவுகளின்படி, ஒரு சொல் ஒரு முறை வந்தால் மதிப்பு 1, பத்து முறை வந்தால் 1.96, நூறு முறை வந்தால் 2.17. எத்தனை முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. திரும்பத் திரும்ப எழுதுவதால் படிக்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இன்றைய கூகுள் இந்தச் சூத்திரத்தோடு நின்றுவிடவில்லை. மற்ற தளங்கள் தரும் இணைப்புகள், தேடுகிறவர் இருக்கும் இடம், வாக்கியத்தின் பொருள் என்று பலவற்றைப் பார்க்கிறது. 'தேன்' என்று மட்டும் தேடுகிறவருக்குப் பெரிய நிறுவனங்கள்தான் முதலில் வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். 'மார்த்தாண்டம் சிறுதேன் ஒரு கிலோ விலை' என்று தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார், அவருக்குத்தான் உங்கள் பக்கம் வேண்டும்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ரப்பர் தேன், சிறுதேன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுங்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மரம் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து தேனீ எடுத்து வருவது என்று எழுதுங்கள். அது ஏன் சீக்கிரம் உறைகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே போடுங்கள். வாவுபலிப் பொருட்காட்சியில் கடை போட்டால் அதையும் சொல்லுங்கள். இந்தச் சொற்களெல்லாம் வெளியூர் விளம்பரக்காரருக்குத் தோன்றாது.

ஸ்பார்க் ஜோன்ஸ் அந்தக் கட்டுரையை எழுதியபோது இணைய வலை என்ற ஒன்றே இல்லை. அதற்கான திட்டமே 1989-ல்தான் வந்தது. நிரந்தர வேலை இல்லாமல், குறுகிய கால மானியங்களை நம்பியே அவர் பல காலம் ஆய்வு செய்தார். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1999-ல், 60 வயதைத் தாண்டிய பிறகு. உடனே என்ன லாபம் என்று கேட்டுவிட்டு ஆய்வுக்குப் பணம் தருவது எவ்வளவு குறுகிய பார்வை! 'தேனை', 'தேனுக்கு', 'தேனில்' மூன்றும் ஒரே சொல்லின் உருவங்கள் என்று கணினிக்குக் கற்றுத்தரும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் தொடர்ந்து நிதி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதன் பலன் குழித்துறைக் கடைவரை வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வாசகர் எண் கணிதம் பார்த்து, தள முகவரியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். அந்த எழுத்துக்கு அதிர்ஷ்டம் தரும் சக்தி எதுவும் கிடையாது. கடைப் பெயரைக் கேள்விப்பட்டுத் தட்டுகிறவர் இயல்பான எழுத்தில்தான் தட்டுவார், வேறு எங்கோ போய்ச் சேருவார். இந்த நம்பிக்கையால் நேரடியாக வியாபாரம் போகிறது.

அப்புறம், அவருடைய விலைப்பட்டியல் முழுவதும் ஒரு போஸ்டர் படமாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. 'எங்களைப் பற்றி' பக்கம் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கோ பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் மாற்றினால்தான் சொல்லடைவில் இடம் கிடைக்கும். கேரள எல்லை தாண்டி வரும் வாடிக்கையாளர் மலையாள எழுத்தில் தேடுவார், யூனிகோடில் மலையாளத்துக்குத் தனி எண்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலையாளம் எழுதத் தெரிந்த உறவினர் யாராவது இருந்தால், ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது இலவசம், பத்து நாளில் முதலிடம் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பக்கத்தை மாற்றிய அன்றே தேடிப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். மென்பொருள் திரும்ப வந்து படிக்கச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகலாம். படித்துவிட்டதா என்பதைச் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தென்பட்டது என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். அடுத்த பக்கத்தை எழுதுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.