பரேல் தொட்டியும் டிராம்பே கண்ணாடியும்

பெரியம்மாவின் தைராய்டு புற்றுநோய்க்கு மும்பை பரேலில் உள்ள மருத்துவமனையில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். விழுங்கியதும் தனி அறை, தனிக் கழிப்பறை. செம்பூரிலிருந்து கொண்டுபோன ரசத்தை வாசலோடு கொடுத்துவிட்டு வந்தேன். "என்னத் தீட்டு மாதிரி ஒதுக்கி வச்சிருக்காங்கடா" என்றார் போனில்.

அந்தக் கழிப்பறைக் குழாய் நேராக ஊர்ச் சாக்கடையில் சேராது. அதற்கென்று தனித் தொட்டி இருக்கிறது. நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த தொட்டியைத் திறப்பார்கள். கதிரியக்கத்தை எரித்தும் ஒழிக்க முடியாது, அமிலத்தில் கரைத்தும் ஒழிக்க முடியாது. அதுவாகத்தான் அடங்க வேண்டும். அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து முறை பாதியானால், அதாவது 80 நாளில், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். காத்திருப்பதுதான் அங்கே சுத்திகரிப்பு.

செம்பூரை அடுத்த டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் இதே கணக்குதான், காலம்தான் வேறு. அணு உலையில் எரிந்த எரிபொருளை முதலில் தண்ணீரில் ஆறவிடுவார்கள். அப்புறம் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுப்பார்கள். டிராம்பேயில் 1964-லேயே தொடங்கிய வேலை இது. மிஞ்சுவது கொஞ்சம் திரவம். கதிரியக்கத்தில் பெரும்பகுதி அதில்தான். அதிலுள்ள சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு ஆகும். பத்துப் பாதி என்றால் 300 ஆண்டு. அவ்வளவு காலம் ஒரு திரவத்தைத் தொட்டியில் நம்பி வைக்க முடியுமா?

அதனால் கண்ணாடியாக்குகிறார்கள். சிலிக்கா, போரான் சேர்மங்களோடு திரவத்தைச் சேர்த்து, கிட்டத்தட்ட 1000 டிகிரி செல்சியஸில் உருக்குவார்கள். கழிவு அதில் லட்டுக்குள் முந்திரி போலத் தனியாக உட்கார்ந்திருக்காது. பாகில் சர்க்கரை போலக் கண்ணாடியோடு கண்ணாடியாகக் கலந்துவிடும். உடைந்தாலும் ஒழுக ஒன்றுமில்லை. தண்ணீர் பட்டாலும் மிக மிக மெதுவாகவே கரையும். இதை எஃகுக் கலன்களில் ஊற்றி வெல்டிங் செய்து மூடுவார்கள். கலன் தானாகவே சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் காற்று மேலேறும், கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறியே வேண்டாம். கரண்ட் போனாலும் குளிர்ச்சி நிற்காத இந்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கையுறை, துடைத்த துணி போன்ற, கதிரியக்கம் குறைந்த கழிவுகளை அழுத்தியோ எரித்தோ சுருக்கி, தரைக்குச் சற்றுக் கீழே கான்கிரீட் குழிகளில் அடைக்கிறார்கள். சுற்றிலும் நிலத்தடி நீரைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சீசியத்தையே தனியே பிரித்து, கண்ணாடிப் பென்சில்களாக்கி, ரத்தத்துக்குக் கதிர் பாய்ச்சும் கருவிகளில் பொருத்துகிறார்கள். நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு ரத்தம் ஏற்றும்போது, அதிலுள்ள வெள்ளணுக்கள் பெருகி அவர்கள் உடலையே தாக்காமல் இருக்க இந்தக் கதிர் உதவுகிறது.

ஆனால் எல்லாமே 300 ஆண்டில் அடங்கிவிடாது. புளுட்டோனியம்-239 பாதியாகவே சுமார் 24,000 ஆண்டு ஆகும். அது துளி மிஞ்சுவதாலும், நீண்ட ஆயுள் கொண்ட மற்ற தனிமங்களும் கண்ணாடியில் இருப்பதாலும், கலன்கள் கடைசியில் ஆழப் பாறைக்குள் போக வேண்டும். அப்படி ஓர் இடம் இந்தியாவில் இன்னும் அமைக்கப்படவில்லை. அதுவரை கலன்கள் தரைமட்டக் கிடங்குகளில் ஆறிக்கொண்டிருக்கும்.